ஒன்பதாவது மீட்டரில் எடுத்த கல்

ஹெய்ஷிகோ சுரங்கம், கல் கொட்டகை
1986 செப்டம்பர் 22

அத்தானுக்கு,

அக்கா நலமா, நீங்கள் நலமா என்று இரண்டு வரி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவது வழக்கம். இந்த முறை அந்த இரண்டு வரியை மிச்சம் பிடிக்கிறேன்.

நேற்று உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து எங்கள் மேலாளர் ஹானுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. ஏழாம் முகப்பில் கல்லும் கரியும் போதிய உறுதியோடு இருக்கின்றன, வெட்டலாம் என்று போட்டு, கீழே உங்கள் கையெழுத்து, அதன்மேல் சிவப்பு முத்திரை. ஹான் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கொட்டகைக்கே வந்துவிட்டார். "பாத்தியா யாலான், உங்க அத்தானே கையெழுத்துப் போட்டாச்சு. இனிமேலாவது கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

அதே தபாலில் எனக்கும் ஒன்று வந்தது. துளையிட்டு எடுத்த கல்லை அடுக்கி நான் அனுப்பிய மரப்பெட்டி. அதன் மூடியில், "உடைந்தவை. துளையிட்டவரின் அலட்சியம். கணக்கில் சேராது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு வர முடியாது என்று எழுதிய கடிதத்திலும் இதே எழுத்துத்தான்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஏழாம் முகப்பு என்பது நாங்கள் நடுவில் விட்டுவைத்த ஒரு நிலக்கரித் திட்டு. அதன் இடப்பக்கம் 1981-இல் வெட்டி எடுத்தாயிற்று, வலப்பக்கம் 1983-இல். இரண்டு பக்கமும் இப்போது வெற்றிடம். மூன்று பேர் சுமந்த மலையை இப்போது நடுவில் நிற்கிறவன் ஒருவனே சுமக்கிறான். அவன் வயிற்றைக் கீறப் போகிறோம்.

நீங்கள் நசுக்கிப் பார்த்த கல் உருளைகள் எல்லாம் வழிப்பாதையை ஒட்டிய முதல் ஆறு மீட்டரில் எடுத்தவை. ஏன் தெரியுமா? பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு முழுசாக இருந்தால்தான் வாங்குவோம் என்று உங்கள் படிவம் சொல்கிறது. உள்ளே போனால் முழுசாக எதுவும் வருவதில்லை. உள்ளே இருந்து வந்ததைத்தான் பெட்டியில் அடுக்கி அனுப்பினேன்.

அங்கே வெட்டப் போகிறது பாவ்ஷானின் குழு, இருபத்து நான்கு பேர். பாவ்ஷான் என்பவர் என் கணவர், நினைவிருக்கட்டும். ஜனவரியில், சுரங்கத்தைக் காக்கிற சூளைச்சாமிக்குப் பூசை முடிந்ததும் வேலை தொடங்கும். அதற்குள் அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறுங்கள்.

இன்னொன்று. நாற்பத்து மூன்று கல்வட்டுகள் அனுப்பினேன். நாற்பத்திரண்டுதான் திரும்பியிருக்கின்றன. ஒன்று எங்கே?

யாலான்


ஹெங்ஷான் பாறை ஆய்வுக்கூடம்
1986 அக்டோபர் 1

யாலான்,

தேசிய நாள் விடுமுறையில் உட்கார்ந்து உனக்குப் பதில் எழுதுகிறேன். இதிலிருந்தே உனக்கு நான் தரும் மரியாதை தெரியும்.

இருபத்தேழு வருஷமாக நான் கல்லை நசுக்கிப் பார்க்கிறேன். எங்கள் அழுத்த இயந்திரம் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து கப்பலில் வந்தது. அதற்கு மாமியார் வீடு, கொழுந்தியாள் வீடு எல்லாம் கிடையாது. ஏழாம் முகப்பின் கல்லை வைத்தோம், அழுத்தினோம், எண்ணைப் படித்தோம். நிலத்துக்கு நானூற்று இருபது மீட்டர் அடியில் மேலே இருக்கும் பாறையின் எடை எவ்வளவு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கல்லின் பலம் அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. கணக்கு அத்தோடு முடிந்தது.

நீ அனுப்பிய பெட்டியைத் திறந்ததும் என் உதவியாளர்கள் சிரித்தார்கள். "ஐயா, உங்க சொந்தக்காரங்க பிஸ்கட்டு அனுப்பியிருக்காங்க" என்றான் ஒருவன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசித்தாயா? துளையிடும் கருவி ஆடினால் கல் உடையும். உங்கள் துளைக்காரர் கொங் காலையிலேயே சோளச் சாராயம் குடிக்கிறவர் என்று நீயே ஒருமுறை அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். குடிகாரன் உடைத்த கல்லை வைத்து மலையின் மனசை ஜோசியம் பார்க்கிற வேலை எனக்கு இல்லை.

நீ மூன்றாம் ஆண்டோடு படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கரி வெட்டியின் பின்னால் போனவள். நான்காம் ஆண்டில்தான் பாறை அழுத்தம் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நீ படிக்கவில்லை என்பது உன் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது.

காணாமல் போன கல்லைப் பற்றிக் கேட்டாய். நீ அனுப்பிய குப்பையில் பயன்பட்டது அது ஒன்றுதான். நடுவில் லேசாகக் குழிந்து, என் தேநீர்க் குவளைக்கு அடியில் வைக்கக் கச்சிதமாக இருக்கிறது. மேசையில் இப்போது கறை படிவதில்லை. நன்றி.

அக்கா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள். தனியாக வரும்.

ஃபாங் ஜிங்சாய்


ஹெய்ஷிகோ, கல் கொட்டகை
1986 அக்டோபர் 12

அத்தானுக்கு,

காலுறை வந்தது. அக்காவிடம் சொல்லுங்கள், சரியாக இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து வந்ததில் எனக்கு அளவாக இருந்தது அது ஒன்றுதான்.

நான்காம் ஆண்டுப் பாடத்தை நான் படிக்கவில்லை. பதினான்கு வருஷமாக இந்தக் கொட்டகையில் கல்லை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஏழாம் முகப்பில் துளை போட்டபோது வந்ததை வந்தபடி எழுதுகிறேன். மூன்றாவது மீட்டரில் கல் முழங்கை நீளத்துக்கு வந்தது. ஐந்தில் ஒரு சாண். ஏழில் நான்கு விரல் கனம். எட்டில் இரண்டு விரல். ஒன்பதில் ஒரு விரலுக்கும் குறைவு. ஒன்பதாவது மீட்டரில் மட்டும் இருபது வட்டுக்கு மேல். எல்லாம் ஒரே கனம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே குழிவு, கடையில் அடுக்கிய வினிகர்க் கிண்ணம் மாதிரி.

குடிகாரன் கல்லை உடைப்பான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே கனத்தில் இருபது தடவை உடைப்பானா? இருந்தாலும் கொங்கை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத ஒருவரை வைத்து இன்னொரு துளை போடச் சொன்னேன். ஒன்பதாவது மீட்டரில் அதே கல்வட்டு வந்தது. அவர் குடிக்க ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தக் கல்லை நாலாபக்கமும் மலை நெரித்துக்கொண்டிருக்கிறது. துளைக்கருவி சுற்றிலும் அறுத்து அதை விடுவிக்கிறது. பிடி விட்டதும் கல் தாங்காமல் தானே குறுக்கே விண்டு போகிறது. நெரிசல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெல்லிசாக விண்டு போகிறது. அங்கே எவ்வளவு பாரம் இறங்கியிருக்கிறது என்று அந்தக் கல்லே சொல்கிறது. உங்கள் படிவம் அதைக் குப்பை என்று சொல்கிறது.

கரியிலும் துளை போட்டுப் பார்த்தோம். ஒரு மீட்டர் துளைத்தால் இரண்டு கிலோ தூள் வரும், அதுதான் வழக்கம். எட்டாவது மீட்டரில் ஏழு கிலோ வந்தது. துளைத்த இடத்தைச் சுற்றியிருந்த கரி தானாக நசுங்கி உள்ளே வந்து விழுகிறது. துளைக்கிறபோதே உள்ளே படபடவென்று சத்தம், சோளம் பொரிகிற மாதிரி.

உங்கள் இயந்திரம் கல்லைப் பத்து நிமிஷத்தில் நசுக்கிப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறது. மலை மூன்று வருஷமாக ஓய்வில்லாமல் நசுக்குகிறது. பாவ்ஷானிடம் சொன்னேன். "காகிதத்துல சரின்னு போட்டிருக்கே லான். உங்க அத்தான் என்ன மதிக்க மாட்டாரு, ஆனா கல்லப் பத்தித் தப்பா சொல்ல மாட்டாரு" என்றார். நீங்கள் கரி வெட்டி என்று எழுதினீர்களே, அந்த மனுஷர் உங்களைப் பற்றிச் சொன்னது இது.

உங்கள் குவளைக்கு அடியில் இருப்பது முப்பத்தொன்றாம் எண். ஒன்பதாவது மீட்டர். தேநீரைக் குடித்து முடித்ததும் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

யாலான்


ஹெங்ஷான் பாறை ஆய்வுக்கூடம்
1986 அக்டோபர் 27

யாலான்,

உன் கடிதத்தைப் பாதி படித்தேன். சோளப் பொரி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

உனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. அந்தப் படிவம் என் கைப்பட எழுதியது. பதினொரு வருஷமாக இந்த மாகாணத்தில் முப்பத்தொரு சுரங்கங்களுக்கு அதை வைத்துத்தான் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். உன் ஒரு முகப்புக்காக அது தப்பு என்று நான் சொன்னால், மற்ற முப்பதும் என்ன ஆகும்? கல் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது?

கணவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தை விஞ்ஞானம் என்று சொல்லி அனுப்பாதே. உன் மேலாளர் ஹானுக்கும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். குடும்பக் கவலை உள்ளவர்கள் மாதிரிக் கற்களைக் கையாளுவது சரியில்லை என்று.

இனி இது பற்றி எழுதாதே.

ஃபாங் ஜிங்சாய்


ஹெய்ஷிகோ, விளக்கறை
1986 டிசம்பர் 9

அத்தானுக்கு,

மேலே முகவரியைப் பாருங்கள். உங்கள் குறிப்பு நன்றாகவே வேலை செய்தது. என்னை விளக்கறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹான் சொன்ன விதம் இது: "கோவிச்சுக்காத யாலான். மேலேருந்து எழுதிட்டாங்க. கல்லுக்குப் பதிலா வெளக்கு. கனமும் கம்மி." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விளக்கறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சுரங்கத்துக்கு வந்ததெல்லாம் விருந்து சாப்பிட. இங்கே ஜன்னல் இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. உள்ளே இறங்கப் போகிறவன் முதலில் பொம்பளை முகத்தில் விழித்தால் ஆகாதாம், அதற்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வெளியே நிற்பவனுக்கு என் கை மட்டும் தெரியும். எனக்கு அவர்கள் இடுப்புப் பட்டை மட்டும் தெரியும். தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுப்பான், நான் அதை ஆணியில் மாட்டிவிட்டுத் தொப்பி விளக்கைக் கொடுப்பேன். பாவ்ஷானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போகிறார். காலையில் ஒரே மேசையில் கஞ்சி குடித்தவர், இங்கே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஐம்பத்தொன்பதாம் வில்லை என்று கையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இவர்கள் புத்தியைப் பற்றி இன்னொன்று கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும். எழுபத்து நான்கில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி படம் எடுக்கக் கீழே இறங்கிவிட்டாள். மூன்று நாள் ஒருத்தனும் இறங்கவில்லை. சூளைச்சாமிக்குப் பன்றித் தலை வைத்து, சுரங்க வாயில் பட்டாசு வெடித்த பிறகுதான் இறங்கினார்கள். மலை நெரிப்பதை நம்ப மாட்டார்கள், பொம்பளை போனால் மலை கோபிக்கும் என்பதை நம்புவார்கள். நீங்கள் படிவத்தை நம்புகிற மாதிரிதான்.

ஏழாம் முகப்பின் வழிப்பாதையில் கரிச் சுவர் முழங்கை அளவு உள்ளே பிதுங்கியிருக்கிறது. மர முட்டுகளை எடுத்துவிட்டு இரும்பு முட்டு போட்டிருக்கிறார்கள். மரமாவது முறிவதற்கு முன் முனகும், ஆள் ஓட நேரம் கிடைக்கும். வேலை ஜனவரி 19 அன்று தொடங்குகிறது.

எழுதாதே என்றீர்கள், எழுதிவிட்டேன்.

யாலான்


ஹெங்ஷான் பாறை ஆய்வுக்கூடம்
1987 ஜனவரி 8

யாலான்,

இது அலுவல் கடிதம் இல்லை. எங்கும் பதிவாகாது.

நேற்று உன் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு என் அறைக்கு வந்தாள். மேசையில் இடம் பண்ண என் குவளையைத் தூக்கினாள். அடியில் இருந்த கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் லான் அனுப்புன கல்லா?"

"ஆமா."

"கல்லு இப்படியா ஒடையும்?"

"துளை போட்டவன் குடிகாரன்."

"குடிகாரன் கை இவ்வளவு நேக்கா வருமா? நான் முள்ளங்கி நறுக்குனாலே ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சு போவுது."

அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு நூடுல்ஸை எடுத்து வைத்தாள். ஆனால் நான் சாப்பிடுகிறவரை அவள் எதிரே உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு அளவுகோலை எடுத்து அளந்தேன். விளிம்பில் பன்னிரண்டு இடத்தில் அளந்ததில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. பிறகு ஒரு சிறு கணக்குப் போட்டேன். என்ன வந்தது என்று இப்போது எழுத விரும்பவில்லை.

வெறும் ஆர்வத்தில்தான் கேட்கிறேன். இந்தக் கல் எந்த மீட்டரில் எடுத்தது?

ஜிங்சாய்


ஹெய்ஷிகோ, விளக்கறை
1987 ஜனவரி 12

அத்தானுக்கு,

ஒன்பதாவது மீட்டர். அக்டோபரிலேயே எழுதிவிட்டேன். கடிதத்தைப் பாதியில் நிறுத்தினால் இப்படித்தான். கல்லின் அடிப்பக்கம் மஞ்சள் சாயத்தில் 31 என்று எழுதியிருப்பேன், உங்கள் தேநீர் அதைக் கழுவிவிடாமல் இருந்தால்.

இருபத்தேழு வருஷம் பாறையைப் படித்தவருக்கு உறைக்காதது, முள்ளங்கி நறுக்குகிறவளுக்கு ஒரு பார்வையில் உறைத்திருக்கிறது. அவளையே அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கலாம்.

உங்கள் ஆர்வத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதம் வர நாலு நாள் ஆகிறது. வேலை தொடங்க ஒரு வாரம்தான் இருக்கிறது. ஹானுக்கு ஒரு தந்தி கொடுங்கள். "சான்றிதழ் ரத்து, ஃபாங்." மூன்றே வார்த்தை. அதற்குமேல் உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

யாலான்


ஹெங்ஷான் பாறை ஆய்வுக்கூடம்
1987 ஜனவரி 17

யாலான்,

நீ நினைக்கிற மாதிரி தந்தியில் முடிகிற காரியம் இல்லை. முத்திரையிட்ட சான்றிதழை முத்திரையிட்டுத்தான் ரத்துச் செய்ய முடியும். முத்திரையைப் போட ஆய்வுக்கூடக் குழுவின் அனுமதி வேண்டும். உரிய காரணங்களோடு குழுவுக்கு எழுதிவிட்டேன். வசந்த விழா விடுமுறை முடிந்து பிப்ரவரி ஒன்பதாம் தேதி கூடுகிறார்கள். அதுவரை வேலையை மெதுவாகச் செய்யச் சொல்லி ஹானிடம் நீ வாய்மொழியாகச் சொல்லலாம்.

தபால் அலுவலகம் வரை போனேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். தந்திப் படிவத்தை வாங்கி உன் மூன்று வார்த்தையையும் எழுதினேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். அந்த முப்பத்தொரு சுரங்கங்களின் பெயரும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஜிங்சாய்


ஹெய்ஷிகோ
1987 ஜனவரி 24

அத்தானுக்கு,

உங்கள் 17-ஆம் தேதிக் கடிதம் 21 அன்று வந்தது. அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது. முதலிலிருந்து சொல்கிறேன்.

18-ஆம் தேதி வரை தந்திக்காரனுக்காகக் காத்திருந்தேன். ஹானிடம் வாய்மொழியாகவும் சொன்னேன், நீங்கள் சொல்லாமலே. "ஒங்க அத்தான் ரத்துன்னு சொன்னா ரத்து. நீ சொன்னா? போ, போய் வெளக்கத் தொடை" என்றார். பாவ்ஷானிடம் அழுதேன். "இருவத்து மூணு பேரு என்னப் பாத்துக்கிட்டு இருக்கானுங்க. பொண்டாட்டி அழுதான்னு நான் எறங்காம இருக்க முடியுமா?" என்றார்.

19 அன்று காலை அவர்கள் விளக்கு வாங்கிக்கொண்டு போன பிறகு, நானும் ஒரு தொப்பி விளக்கை மாட்டிக்கொண்டேன். பின்னலை அவிழ்த்துத் தலைமயிரை விரித்துவிட்டேன், தூரத்திலிருந்தே பொம்பளை என்று தெரியட்டும் என்று. நேராக ஆள் இறக்கும் கூண்டுக்குப் போனேன். கூண்டுக்காரன் திகைத்து நிற்கும்போதே உள்ளே ஏறி மணியை அடித்துவிட்டேன்.

ஏழாம் முகப்பு வரை நடந்தேன். அத்தனை வருஷம் அங்கிருந்து வந்த கல்லைத்தான் பார்த்திருக்கிறேன், அந்த இடத்தைப் பார்த்தது அன்றுதான். இரும்பு முட்டுகள் விறைத்துக்கொண்டு நின்றன. கரிச் சுவரில் கை வைத்தேன், உள்ளே படபடவென்று துடித்தது. அதற்குள் கொங் என்னைப் பார்த்துவிட்டு, "அய்யோ, பொம்பளைடா! எல்லாம் போச்சு!" என்று கத்தினார். விளக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. காது கூசும்படி ஏசினார்கள். பாவ்ஷான் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார். "பைத்தியமா ஒனக்கு? யாரு வீட்டுப் பொணத்தப் பாக்கணும்னு வந்த?" என்றார். நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிஷத்தில் இருபத்து நான்கு பேரும் மேலே ஏறிவிட்டார்கள்.

மூன்று நாள் இறங்கமாட்டோம் என்றுவிட்டார்கள். ஹான் குதித்தார். ஆனால் மூடநம்பிக்கையால் வேலை நின்றது என்று அரசாங்கச் சுரங்கத்தில் எழுத முடியுமா? "இயந்திரப் பழுது, மூன்று நாள்" என்று பதிவேட்டில் எழுதினார். வாரத்துக்குள் இரண்டாவது பன்றித் தலை வாங்க ஆள் போனது.

21-ஆம் தேதி காலை பத்தே காலுக்குச் சுரங்க வாயில் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. விளக்கறையில் மாட்டியிருந்த வில்லைகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. பட்டாசு நின்றுவிட்டது. காற்றுப் போக்கி வாய்வழியாகக் கறுப்பாகத் தூசி கிளம்பி வந்தது. ஏழாம் முகப்பில் அறுபது மீட்டர் நீளத்துக்குப் பாதையே இல்லை. கரிச் சுவர் ஒரே மூச்சில் குதித்து எதிர்ச்சுவரோடு ஒட்டிவிட்டது. இரும்பு முட்டுகள் கொக்கி மாதிரி வளைந்து கிடக்கின்றன. அதன் நடுவில்தான் நான் துளை போடச் சொன்ன இடம். உள்ளே ஒருவரும் இல்லை. இருபத்து நான்கு பேரும் வெளியே கையில் ஊதுபத்தியோடு நின்றார்கள்.

நான் கீழே உட்கார்ந்து அழுதேன், அத்தான். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஐந்து நிமிஷம்கூட அழ விடவில்லை.

"இவ போனாள்ல, அதான் மலை கோவிச்சுக்கிச்சு" என்றான் ஒருவன். அவ்வளவுதான், ஊர் முழுக்க அதே பேச்சு. நான் போனால் பெண்களே பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடியிலிருந்து நகர்ந்துவிடுகிறார்கள். கொங் என் காலடியில் துப்பினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாவ்ஷான் ஆண்கள் விடுதியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். "நீ எறங்கலேன்னா இது நடந்திருக்காது லான்" என்றார். அவர் உயிரோடு நின்று என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது.

அடுத்த மாதம் விசாரணை வருகிறது. பொம்பளை இறங்கினாள் என்று அவர்கள் காகிதத்தில் எழுத மாட்டார்கள். முன்கூட்டி அறிய முடியாத இயற்கை நிகழ்வு என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எட்டாம் முகப்பும் இதே மாதிரி நடுத்திட்டுதான். அதற்கும் உங்கள் முத்திரை இருக்கிறது. அந்த மூன்று நாள் வித்தை இனி ஒருமுறை பலிக்காது, கூண்டில் காவல் போட்டுவிட்டார்கள்.

முன்கூட்டி அறிய முடிந்தது என்று எழுதக்கூடிய ஆள் இந்த மாகாணத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் தந்திப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறவர். எனக்கு அவர்மேல் துளி நம்பிக்கை இல்லை.

யாலான்


வீட்டு முகவரியிலிருந்து
1987 பிப்ரவரி 11

யாலான்,

குழு ஒன்பதாம் தேதி கூடியது. இத்துடன் இருப்பது என் வாக்குமூலத்தின் நகல். ஒன்று விசாரணைக்குப் போயிருக்கிறது, ஒன்று ஹானுக்கு, முப்பது மற்ற சுரங்கங்களுக்கு. நீ பாதியில் நிறுத்துகிறவள் இல்லை என்றாலும், இரண்டாம் பக்கத்தை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்:

"ஏழாம் முகப்பின் அபாயத்தைச் சுரங்கத்தின் கல் கொட்டகைப் பொறுப்பாளர் டிங் யாலான் 1986 செப்டம்பரிலேயே தகுந்த சான்றுகளோடு தெரிவித்தார். உடைந்த கல் கணக்கில் சேராது என்ற விதியால் அச்சான்றுகள் நிராகரிக்கப்பட்டன. அந்த விதியை எழுதியவன் நான். பலமான இடத்துக் கல்லை மட்டும் கேட்டு வாங்கி, பலமாக இருக்கிறது என்று பதினொரு வருஷம் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்."

குழுவில் ஒருவர், "ஃபாங், உமக்கு ஓய்வு பெற மூன்று வருஷந்தானே இருக்கு? எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார். அந்தக் கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முத்திரையை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆய்வுக்கூடச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். உதவியாளர்கள் இப்போது பிஸ்கட்டு என்று சிரிப்பதில்லை. நான் போகும்போது எழுந்து நிற்பதும் இல்லை.

நான் உன்னை இழிவாகப் பேசினேன், அதற்கு வருந்துகிறேன். தந்தியைத் திருப்பிக்கொண்டு வந்தேனே, அதற்கு வருந்துவது போதாது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அந்த இரண்டு பேர் முதுகும் தினமும் கண்ணில் நிற்கிறது.

முப்பத்தொன்றாம் எண்ணைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். குவளையின் வட்டக் கறை போகவில்லை, வினிகர் போட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தேன். உன் அக்கா யாவென் மறுபடி என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள், உப்பு வேண்டுமா என்ற அளவுக்கு.

ஜிங்சாய்


ஹெய்ஷிகோ, விளக்கறை
1987 மார்ச் 2

அத்தானுக்கு,

கல் வந்தது. உங்கள் வாக்குமூலத்தைச் சுரங்க வாயில் ஒட்டினார்கள். எட்டாம் முகப்பை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்து மாதம் தாமதமாக வந்த உண்மைக்கு நன்றி சொல்கிற அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை கிடையாது.

அதைப் படித்து ஊர் திருந்திவிட்டது என்றும் நினைக்காதீர்கள். "படிச்சவன் சொந்தக்காரிய விட்டுக் கொடுப்பானா?" என்கிறார் கொங். கல் கொட்டகைக்கு என்னைத் திரும்ப அனுப்ப ஹானுக்கு இன்னும் மனசு வரவில்லை.

பாவ்ஷான் போன ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். வாக்குமூலத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மேசையில் கிடந்த கல்லை எடுத்தார். விரலை மடக்கிக் கனம் பார்த்தார், குழிவைத் தடவினார், ஒரு பக்கம் பிடித்து ஒடிக்க முடிகிறதா என்று பார்த்தார். கல்லை அவரைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் யாரும் இல்லை.

"இது எந்த மீட்டர்?"

"ஒன்பது."

"மொத வெட்டு அந்தத் தொளை போட்ட எடத்துலதான் போடுறதா இருந்தோம்."

"தெரியும்."

துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்லை ஜன்னல் வழியே எறியப் பார்த்தேன்.

இன்று காலை வழக்கம்போல விளக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொந்துக்கு வெளியே இடுப்புப் பட்டைகளின் வரிசை. ஒவ்வொருவனும் வில்லையை நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஐம்பத்தொன்பதாம் வில்லை வந்தது. விளக்கை நீட்டினேன், வாங்கவில்லை. பின்னால் நின்றவன், "என்னண்ணே, வெளக்கு வாங்கலியா?" என்றான்.

பாவ்ஷான் குனிந்தார். தொப்பியைக் கழற்றி அந்தப் பொந்துக்குள் தலையை நீட்டினார். இருபத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அதன் பிறகுதான் விளக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

யாலான்